காது உடைந்த கல் சிங்கம்

மெய்சோவ்
3 அக்டோபர் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

மோனிக் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? நீங்கள் போடுகிறேன் என்றுதான் சொல்வீர்கள். அதனால் அக்காவையும் கேட்கிறேன்.

சீன மொழி வகுப்பில் பதினெட்டுப் பேர். பெரும்பாலும் இந்தோனேசியா, தாய்லாந்துப் பிள்ளைகள். மொரீஷியஸிலிருந்து நான் ஒருத்திதான். நம் வீட்டில் பேசும் ஹக்காவை நான் பேசினால் விடுதிச் சமையல்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்குடி!" என்கிறார். வகுப்பில் நடத்துவது பெய்ஜிங் சீனம். அதில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எழுத்துகளில் இதுவரை நூற்றுப் பத்து தெரியும்.

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சமையல்காரம்மாவும் நம்மைப் போல லியோங் குலம். அவர் தன் ஊருக்குச் சொல்லியனுப்ப, போன ஞாயிற்றுக்கிழமை குன் ஃபாட் என்ற செங்கல் சூளைக்காரர் சைக்கிளில் வந்தார். "லியோங் வீட்டுப் பொண்ணு விடுதிச் சோறு திங்கவா கடல் தாண்டி வந்துச்சு? ஏறு பின்னால!" என்றார். இப்போது அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். ஊர் எல்லையில் எனக்காகப் பட்டாசு வெடித்தார்கள். பெரியம்மா கறி அடைத்த தோஃபு செய்திருந்தார். நம் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்து வந்த, தாத்தா பிறந்த வீட்டின் படத்தைக் காட்டினேன். அப்பா, அதே வீடுதான். முன்னால் அரை நிலா வடிவில் குளம். வாசலில் கல் சிங்கம். படத்தில் இருப்பது போலவே இடது காது உடைந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்க வேண்டாம்.

உங்கள் மகள்
மோனிக்


போர்ட் லூயி
30 அக்டோபர் 1993

அன்பு மகள் மோனிக்குக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளிர் தொடங்கிவிட்டதா? அப்பா சொல்லச் சொல்ல ஜோசி எழுதுகிறாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தெருவில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. நம் குலச் சங்கத்திலிருந்து ஆறு பேர் ஏப்ரலில் கல்லறை துடைத்து முன்னோரைக் கும்பிடும் நாளுக்கு அங்கே வருகிறார்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். உன் தாத்தா கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வருகிறேன். அதை அவர் அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவர் சாகும்போது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்தாவது வீட்டுக்குப் போகட்டும். வீட்டைக் கண்டுபிடித்த மகளுக்கு என்ன வாங்கி வர?

அப்பா

மோனி, இது நான். உனக்கு மிளகாய் ஊறுகாய் கொடுத்தனுப்புவேன், கவலைப்படாதே. கடையில் நேற்று சலவைத் தூள் கேட்ட பெண்ணுக்கு அப்பா பால்பவுடரைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. — ஜோசி


மெய்சோவ்
21 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை, ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. விளக்கு அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அப்பா கண்ணில் படக்கூடாது என்றுதான் மதாம் லாபோனின் தையல் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

கல் சிங்கம் இல்லை அக்கா.

அந்த வாசலில் இரண்டு பூந்தொட்டிதான் இருக்கிறது. அன்றைக்கு அத்தனை பேரும் படத்தைச் சுற்றி நின்று "இதே வீடுதான், இதே குளந்தான்" என்று கத்தினார்கள். இங்கே எல்லா வீட்டுக்கும் முன்னால் அப்படி ஒரு குளம் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அப்பாவுக்கு எழுதும்போது அவர் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வரி கூடச் சேர்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. சேர்த்துவிட்டேன்.

இப்போது அவர் தாத்தாவின் மண்ணோடு வருகிறார். இது நம் வீடாக இல்லாமல் போனால்? யாரோ ஒருவருடைய அப்பா பக்கத்தில் தாத்தாவைப் புதைத்துவிட்டுப் போவாரா? வந்ததும் முதலில் சிங்கத்தைத்தான் கேட்பார். படமும் என்னிடம் இல்லை. "சொந்தக்காரங்ககிட்ட காட்டணும்" என்று பெரியப்பா வாங்கிக்கொண்டு போய் இரண்டு வாரமாகிறது. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ?

என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது. வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

மோனி


போர்ட் லூயி
14 டிசம்பர் 1993

அன்பு மோனிக்கு,

ஒழுங்காகத் தூங்கு, முதலில் அது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். கிறிஸ்துமஸ் வியாபாரம் பரவாயில்லை. வெயில் கொளுத்துகிறது.

இனிமேல் தையல் கடைக்கு எழுதாதே. மதாம் லாபோன் உறையை விளக்கில் காட்டிப் பார்க்கிற ஆள். நம் கடைக்கே எழுது. இப்போதெல்லாம் எல்லாக் கடிதமும் என் கைக்குத்தான் வருகிறது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். வாசலில் அப்பா நிற்கட்டும், கும்பிடட்டும், மண்ணை வைக்கட்டும். சிங்கம் எங்கே என்று கேட்டால், இதோ என்று எதையாவது காட்டு. அவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே. குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்.

ஜோசி


மெய்சோவ்
9 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் புது வருஷ வாழ்த்து. அவர் கால் வீக்கம் குறைந்ததா?

வித்தியாசம் தெரியாது என்று எப்படி எழுதினாய்? தினமும் காலையில் டீக் கோப்பையோடு அந்தப் படத்தின் முன்னால் நின்றவர் அவர். அதன் ஒவ்வொரு ஓடும் அவருக்குத் தெரியும். என்னைச் சமாதானப்படுத்த எழுதினாயா, இல்லை எதையாவது மறைக்கிறாயா?

இப்போது விஷயம் சிங்கத்தோடு நிற்கவில்லை. குலத்துக்கு ஒரு பாட்டு உண்டு என்று அப்பா சொல்வாரே, இருபது வார்த்தை. ஒவ்வொரு தலைமுறையும் அதில் ஒரு வார்த்தையை எடுத்து ஆண்பிள்ளைகளின் பெயருக்கு நடுவில் வைக்கும். தாத்தாவின் தலைமுறைக்கு 'தெட்'. அதனால்தான் அவர் லியோங் தெட் சாங். அப்பாவின் தலைமுறைக்கு 'சுங்'.

இங்கே மூதாதையர் கூடத்தின் தூண்களில் அந்தப் பாட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது வெறும் கோடுகள். இப்போது அறுநூறு எழுத்து தெரியும். நேற்று பெரியப்பாவின் மகள் மெய் ஃபொங், பதிமூன்று வயது வாயாடி, "படி பாக்கலாம்!" என்று என்னைத் தூண் முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொன்றாகப் படித்தேன். "ஆமை கூட உன்னவிட வேகமாப் படிக்கும்க்கா" என்று சிரித்தாள். இருபதும் முடிந்தது. தெட் இல்லை. சுங்கும் இல்லை.

இவர்கள் நம் ஆட்கள் இல்லை அக்கா.

"ஏன் அழுற?" என்றாள். கண்ணில் ஊதுபத்திப் புகை என்றேன். அதன் பிறகு சாப்பாட்டில் பெரியம்மா எப்போதும் போலக் கோழித் தொடையை என் கிண்ணத்தில் வைத்தார். திருடியைப் போல உட்கார்ந்து தின்றேன். உண்மையைச் சொன்னால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் தாத்தா என்ன ஆவார்? ஏப்ரலுக்கு இன்னும் பன்னிரண்டு வாரம்தான்.

மோனி


போர்ட் லூயி
2 பிப்ரவரி 1994

அன்பு மோனிக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். புயல் அறிவிப்பால் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை.

அப்பாவின் டிக்கெட் வந்துவிட்டது. மண் கட்டச் சிவப்புத் துணியும் வாங்கிவிட்டார். கடைக்காரன் காட்டிய துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிவப்புதானே? நிச்சயமா சிவப்புதானே?" என்று மூன்று தடவை கேட்டார். வழியெல்லாம் சங்கத்தோடு வரும் பீட்டர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அவர் அங்கே போய் வந்தால் இங்கே ஒரு காரியம் நடக்கும். போகாமல் அதற்குச் சம்மதிக்க மாட்டார். இதை மட்டும் நம்பு. குன் ஃபாட் வீட்டில் எதையும் உளறாதே.

ஜோசி


மெய்சோவ்
27 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் நேற்றுதான் வந்தது. உளறாதே என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் உளறிவிட்டேன்.

சீனப் புத்தாண்டுக்குப் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். இரண்டாம் நாள் காலையில் கூடத்தில் ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, "நம்ம வீட்டுப் பொண்ணு வைக்கட்டும்" என்றார் பெரியம்மா. என்னால் முடியவில்லை. ஊதுபத்தி பாதி எரிந்து சாம்பல் கையில் விழுந்தது. அப்படியே வெளியே ஓடி வந்துவிட்டேன். பெரியப்பா குளத்துப் படியில் உட்கார்ந்து பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நான் உங்க வீட்டுப் பொண்ணு இல்ல."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியுமே."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமைலேர்ந்து. உன் தாத்தா பேரு தெட் சாங்குன்னு சொன்னியே. எங்க பாட்டுல தெட்டே கிடையாதே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பெரியம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "முதல் நாளே கோழிய அறுத்தாச்சு. அப்புறம் தெரிஞ்சா என்ன, அறுத்த கோழிய ஒட்டவா முடியும்? சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு அடுத்த வாரம் வந்திருக்குமா? விடுதியில உக்காந்து அழுதுக்கிட்டுல்ல இருக்கும்!"

நான் அங்கேயே உட்கார்ந்து சத்தமாக அழுதேன். மெய் ஃபொங் எட்டிப் பார்த்து, "அப்ப இவ எனக்கு அக்கா இல்லையா? என் சைக்கிளத் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றாள். பெரியம்மா அவள் தலையில் குட்டினார். அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் கேள். தாத்தாவின் படத்தை வாங்கிக்கொண்டு போனாரே, எதற்கென்று நினைக்கிறாய்? செங்கல் ஏற்றிப் போகும் ஊர்களிலெல்லாம் லியோங் வீடுகளைத் தேடிப் போய்க் காட்டியிருக்கிறார். ஏழு ஊர். ஏழிலும் தெட் இல்லை. மேற்கு மலைப்பக்கம் ஒரு ஊர் பாக்கி இருக்கிறதாம். மழை நின்று பாதை காய்ந்ததும் போகலாம் என்கிறார்.

இனி உங்களை என்னவென்று கூப்பிடட்டும் என்று கேட்டேன். "இத்தன நாள் கூப்பிட்டதுல என்ன குறை?" என்றார்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனால் நாள் குறைந்துகொண்டே வருகிறது அக்கா.

மோனி


மெய்சோவ்
20 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கோபமா? கோபமென்றாலும் இதைப் படி.

கிடைத்துவிட்டது!

பெரியப்பா செங்கல் ஏற்றும் கை டிராக்டரில் மூன்று மணி நேரம். எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது. வீட்டின் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது, குளத்தில் வாத்து மேய்கிறது, வாசலில் சிங்கம் இருக்கிறது. அதன் கழுத்தில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள். இடது காது இல்லை. நான் எருமையைத் தள்ளிவிட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "மெதுவா, மெதுவா, அந்தக் காதையாவது விட்டு வை" என்றார் பெரியப்பா.

உள்ளே பல் இல்லாத கிழவர் ஒருவர் இருந்தார். குலத்தின் பெயர்ப் புத்தகம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. பழைய புத்தகங்களையெல்லாம் எரித்த காலத்தில் இதைப் பன்றித் தொட்டியின் அடியில் வைத்துக் கல்லை மூடிக் காப்பாற்றினார்களாம். இன்னும் வாடை போகவில்லை. தெட் தலைமுறைப் பக்கத்தை அவர் திறந்தார். நானே தேடி நானே படித்தேன் அக்கா. லியோங் தெட் சாங். எல்லாப் பெயரும் கறுப்பு மையில் இருக்க, அது ஒன்று மட்டும் சிவப்பு.

அந்த ஊர்ப் புத்தகத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு, போனவர்களுக்குக் கறுப்பு. தாத்தா இறந்ததை இங்கே யாரும் சொல்லவே இல்லை. கடல் தாண்டிப் போனவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

"தெட் சாங் எப்ப வர்றாரு? தொண்ணூத்தி மூணு ஆச்சே, நடக்க முடியுதா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

பெரியப்பாதான் அவர் தோளில் கை வைத்து, "அவரோட மகன் வர்றாருங்க, ஏப்ரல்ல" என்றார். கிழவர் புத்தகத்தை மூடித் துணியில் சுற்றினார். பிறகு, "அப்ப வந்து எழுதட்டும்" என்றார். சிவப்பின் மேல் கறுப்பு வைப்பது பிள்ளையின் வேலையாம். வேறு யாரும் தொடக்கூடாதாம்.

அப்பாவிடம் நானே நேரில் சொல்லிவிடுகிறேன். நீ எதையும் சொல்ல வேண்டாம்.

மோனி


போர்ட் லூயி
29 மார்ச் 1994

அன்பு மோனிக்கு,

இதைப் பீட்டர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயும் அவரிடம்தான். உன் பிப்ரவரிக் கடிதம் இன்றுதான் வந்தது. கோபமில்லை. என்னால் செய்ய முடியாததை நீ செய்துவிட்டாய்.

நீ இதைப் படிக்கும்போது அப்பாவைப் பார்த்திருப்பாய். அவருக்குக் கண் தெரியவில்லை. இரண்டிலும் புரை. நீ கிளம்பும்போதே பாதி போயிருந்தது, கிறிஸ்துமஸுக்குள் மீதியும் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. சொன்னால் நீ படிப்பை விட்டு வந்துவிடுவாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்கிறார் டாக்டர். இவர் பிடிவாதம் உனக்குத் தெரியுமே. "மேஜையிலேயே போயிட்டா எங்கப்பா மண்ண யாரு கொண்டு போவா? போயிட்டு வந்து படுக்கிறேன்" என்று ஒரே பேச்சு. அவர் போய் வந்தால் போதும் என்றுதான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னேன். எழுதிவிட்டு நானும் தூங்கவில்லை.

அவர் கையை விடாதே.

ஜோசி


மெய்சோவ்
10 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை ஆகஸ்டில் நேரில் வைத்துக்கொள்கிறேன். நீ நலமா? அப்பா நேற்று ஹாங்காங் பஸ் ஏறிவிட்டார். இது அவருக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ.

பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து இல்லை, எனக்கு ஒரு அடி தள்ளி இருந்த கம்பத்தைப் பார்த்து. அப்போது எல்லாம் புரிந்தது. பால்பவுடர், சிவப்புத் துணி, நீ எழுதாமல் விட்டது எல்லாம்.

அன்று சாயங்காலமே விடுதி வராந்தாவில் சொல்லிவிட்டேன். "நான் எழுதினப்ப சிங்கம் இல்லப்பா. பொய் சொல்லிட்டேன்."

அவர் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நானும் நலம்னு எழுதச் சொன்னேன். கணக்கு சரியாப் போச்சு" என்றார். பிறகு, "இப்ப இருக்குல்ல? அது போதும்" என்றார்.

மறுநாள் மலைக்குப் போனோம். பெரியப்பா வீடே டிராக்டரில் ஏறிக்கொண்டது, இரண்டு கோழியும் உயிரோடு. சிங்கத்தின் அருகில் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தலையில் கை வைத்தார். வலது காதைத் தடவினார். கை இடது பக்கம் போய் உடைந்த இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது. பெரியம்மா மூக்கைச் சிந்தினார். பெரியப்பா எருமையைத் திட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மண்ணைக் கொள்ளுத்தாத்தா பக்கத்தில் வைத்தாயிற்று. பிறகு புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். தூரிகையை அப்பா கையில் கொடுத்தார் கிழவர். "எங்க எழுதணும்?" என்றார் அப்பா, தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. பிள்ளைதான் எழுத வேண்டும், பிள்ளைக்குக் கண் தெரியவில்லை.

அப்பா தூரிகையை என் பக்கம் நீட்டினார். "என் கையும் கூட இருக்கும். எழுது."

கிழவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, சிவப்பின் மேல் கறுப்பாக மூன்று எழுத்து எழுதினேன். இந்த வருஷம் முழுக்கப் படித்தது இதற்குத்தான் போல. மூன்றாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தாத்தா நாற்பத்தாறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் இறந்தார். அப்பா அழுதார். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றார்.

சாப்பிடும்போது கிழவர் பெரியப்பாவைக் காட்டி, "இவங்க எந்தக் கிளை?" என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றார் அப்பா, கோழித் தொடையைத் தடவித் தேடி எடுத்துக்கொண்டே.

புத்தகப் பக்கத்தையும் சிங்கத்தையும் பீட்டர் மாமா படம் பிடித்திருக்கிறார். ஃபிலிமைக் கழுவி வைத்திரு. ஆபரேஷன் முடிந்ததும் அப்பா பார்க்க வேண்டும்.

மோனி


போர்ட் லூயி
19 ஜூன் 1994

அன்பு மகள் மோனிக்குக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்தில் ஜோசி உட்கார்ந்து, வரி கோணுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வலது கண் கட்டை அவிழ்த்து மூன்று வாரமாகிறது. முதலில் தெரிந்தது டாக்டரின் மூக்கு. இரண்டாவது உன் அக்கா. இளைத்துப் போயிருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. மூன்றாவது பீட்டரின் படங்கள். கையால் பார்த்ததைக் கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

புத்தகப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எனக்குத்தான் சீனம் வாசிக்கத் தெரியாதே. மூன்றாவது எழுத்து சாய்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். என் மகளின் கையெழுத்து என்கிறேன்.

குன் ஃபாட் அண்ணனுக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உன் பழைய கடிதங்களையும் எடுத்து நானே வாசித்தேன், ஜோசி எனக்கு வாசிக்காமல் விட்டவற்றையும் சேர்த்து. இனிமேல் விளக்கு அணைத்த பிறகு போர்வைக்குள் எழுதாதே அம்மா. கண் கெட்டுவிடும்.

உன் அப்பா